அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் ஒரு சிற்றூர் தன் வீரர்களைத் தாங்கிய விதம்

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: "அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கு மாநிலங்களின் கிராமங்கள், தங்களிடமிருந்து போருக்குப் போன ஆண்களை எப்படி ஆதரித்தன? எங்கே தேடினாலும் பெண்கள் காலுறை பின்னி அனுப்பினார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை." இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு தேசத்தின் படைக்கு வேண்டியதைச் செய்வது அரசாங்கத்தின் கடமை. அப்படியிருக்க ஊருக்கு அதில் என்ன வேலை, ஊர் உண்மையில் எதைச் சுமந்தது என்பதே அது. நான் கல்லூரியில் அமெரிக்க வரலாறு கற்பித்தவன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஊர்க்கூட்டப் பதிவுகளையும் போர்க்காலக் கடிதங்களையும் நெடுங்காலம் வாசித்தவன். எனவே வடக்கு முழுவதையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட, அந்தப் பகுதியைச் சேர்ந்த வெர்மான்ட் மாநிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மாசசூசெட்ஸ், அயோவா, இல்லினாய் பக்கம் போய்வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர் ஆதரித்தது படையை அல்ல, தன் ஆட்களை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை எதிர்த்துப் போரிட, 1861 ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் 75,000 பேரைக் கேட்டபோது, அமெரிக்க நிரந்தரப் படையில் இருந்தவர்கள் மொத்தமே ஏறக்குறைய 16,000 பேர்தான். மாநிலங்கள்தான் ரெஜிமென்ட்டுகளைத் திரட்டின. ஒரு ரெஜிமென்ட் என்பது ஏறத்தாழ 1,000 பேர். அதில் 10 கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியும் பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்தோ அக்கம்பக்கத்து இரண்டு மூன்று ஊர்களிலிருந்தோ சேர்ந்தது. தொடக்கத்தில் கம்பெனியின் அதிகாரிகளைக்கூட வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே கேப்டன் என்பவர் ஊர் வக்கீலாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்தார். சார்ஜன்ட் பக்கத்துப் பண்ணைக்காரரின் மகனாக இருந்தார். 1860 கணக்கெடுப்பில் வெர்மான்ட்டின் மக்கள்தொகை 3,15,098. அதிலிருந்து சுமார் 34,000 பேர் போருக்குப் போனார்கள். 5,000க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பேர் வாழ்ந்த ஓர் ஊரில் இந்த விகிதம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டுச் சண்டையில் இரண்டே நாளில் பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த வெர்மான்ட் பிரிகேட் ஒன்று மட்டும் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 1,200க்கு மேற்பட்டவர்களை இழந்தது. அந்த வாரத்துச் செய்தித்தாள் வந்தபோது, அந்தப் பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்றேனும் இல்லாத ஊர் மாநிலத்தில் அரிதாகவே இருந்திருக்கும்.

காலுறைக்கு முன்னால் பணத்தைப் பேச வேண்டும், ஏனென்றால் சேரப்போகிறவன் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி அதுதான். சாதாரண வீரனின் மாதச் சம்பளம் 1861 ஆகஸ்டிலிருந்து 13 டாலர். 1864இல்தான் அது 16 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய சம்பளம், சம்பள அதிகாரி பாசறைக்கு வந்து சேராததால் நான்கு மாதம், ஆறு மாதம் தள்ளிப்போனது சர்வசாதாரணம். வெர்மான்ட் சட்டமன்றம் 1861 ஏப்ரலில் அவசரமாகக் கூடி, போருக்கென 10 லட்சம் டாலரை ஒதுக்கியதோடு, ஒவ்வொரு வீரனுக்கும் மாநிலக் கருவூலத்திலிருந்து மாதம் 7 டாலர் கூடுதலாகத் தருவதென்று முடிவு செய்தது. ஒரு சிறு மாநிலத்துக்கு இது பெரிய தொகை. அந்த 7 டாலர் பாசறைக்குப் போகாமல் ஊரிலிருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ கிடைக்கும்படி எழுதிக்கொடுக்க முடிந்தது என்பதில்தான் அதன் அருமை இருக்கிறது. மத்திய அரசின் சம்பளம் எங்கே நிற்கிறது என்று தெரியாத மாதங்களில், மளிகைக் கடைக் கணக்கை அடைத்தது இந்தச் சின்னத் தொகைதான்.

மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. 1861 மே மாதத்துச் சட்டப்படி, வீரனின் மனைவிக்கு வாரம் 1 டாலர், அவனை நம்பியிருக்கும் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தலைக்கு வாரம் 1 டாலர், மொத்தம் மாதம் 12 டாலருக்கு மிகாமல் ஊர் நிர்வாகம் தர வேண்டும். பிறகு மாநிலம் அதை ஊருக்குத் திருப்பித் தரும். இதில் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. நியூ இங்கிலாந்தில் ஏழைகளைக் காப்பது அதற்கு முன்பிருந்தே ஊரின் பொறுப்பு. ஆனால் ஊர்ப்பணத்தில் சாப்பிடுகிறவர் என்ற பெயர் வாங்குவது மானக்கேடு. அந்தப் பட்டியலில் ஏறியவர்களை ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் ஊரின் ஏழைப் பண்ணைக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. எனவே வீரர் குடும்பத்துக்குத் தரும் உதவி ஏழை நிவாரணமாகாது, அது அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை என்று பிரித்துக்காட்டச் சட்டமன்றங்கள் மெனக்கெட்டன. ஆனாலும் பணத்தைக் கையில் எண்ணிக் கொடுத்தவர்கள் அதே ஊர் நிர்வாகிகள்தான். இவளுக்குத் தேவை இருக்கிறதா, இவள் ஒழுங்காக நடந்துகொள்கிறாளா என்று அவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். உதவி கேட்டுப் போகக் கூசுகிறேன் என்று மனைவி எழுதியதற்கு, அது நமக்குரிய பணம், தயங்காமல் போய் வாங்கு என்று கணவன் பாசறையிலிருந்து பதில் எழுதும் கடிதங்களைத் தொகுப்புகளில் பார்க்கலாம்.

அடுத்தது உழைப்பு. ஜூலையில் புல் அறுத்துக் காயவைத்துக் களஞ்சியத்தில் ஏற்றாவிட்டால், குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி இல்லை. இலையுதிர்காலத்தில் விறகு பிளந்து அடுக்காவிட்டால் வீட்டில் நெருப்பு இல்லை. இரண்டும் ஆண்கள் செய்துவந்த வேலை. போன வீரனின் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஒரு நாள் கூடி விறகு வெட்டிக் கொடுப்பது, புல் அறுத்துக் கொடுப்பது என்பது அங்கே போருக்கு முன்பே இருந்த வழக்கம். போர் அதற்கு வேலையைக் கூட்டியது. ஆனால் இந்த நல்லெண்ணம் நான்கு வருடம் தாக்குப்பிடித்ததா என்றால், முதல் வருடத்தின் சூடு பின்னால் இல்லை என்பதுதான் கடிதங்களிலிருந்து நான் பெறும் எண்ணம்; கூலிக்கே ஆள் கிடைக்காத 1864இல் இலவசமாக வர யாருக்கும் நேரமில்லை. மிச்சத்தைப் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் செய்தார்கள், குதிரை இழுக்கும் அறுவடை இயந்திரமும் செய்தது. 1863 கோடையில் விஸ்கான்சின், அயோவா வயல்களில் பெண்கள் இயந்திரம் ஓட்டுவதையும் கதிர் கட்டுவதையும் திரும்பிய பக்கமெல்லாம் கண்டதாக வீரர் உதவிப் பணியில் இருந்த சிகாகோவின் மேரி லிவர்மோர் எழுதியிருப்பதைப் பலர் எடுத்தாளுகிறார்கள். அது 20 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் எழுதிய நினைவு என்பதை மறக்கக் கூடாது. பெண்கள் வயலில் இறங்கினார்கள் என்பது உறுதி. எல்லா வயலிலும் இறங்கினார்கள் என்பதை அவர் சொல்லைக் கொண்டு மட்டும் நான் ஏற்கமாட்டேன். வெர்மான்ட்டுக்கு இன்னொரு துணையும் இருந்தது. அது மெரினோ ஆடுகளின் நாடு. தெற்கின் பருத்தி நின்றுபோனதாலும் படைச்சீருடைக்குக் கம்பளி தேவைப்பட்டதாலும் கம்பளி விலை இருமடங்குக்கு மேல் ஏறியது. ஆடு வைத்திருந்த குடும்பங்கள் போரின் நடுவே கடனை அடைத்தன. கூலிக்குப் போன ஆணை இழந்த, நிலமில்லாத குடும்பத்துக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது காலுறைக்கு வருவோம். அது கட்டுக்கதை அல்ல. சண்டை தொடங்கிய வாரத்திலேயே வடக்கெங்கும் பெண்கள் கூடிச் சங்கம் அமைக்கத் தொடங்கினார்கள்; கிளீவ்லேண்டின் சங்கம் 1861 ஏப்ரல் 20 அன்றே தொடங்கியது. கிராமங்களில் பெரும்பாலும் தேவாலயத் தையல் வட்டம்தான் பெயர் மாற்றிக்கொண்டு வீரர் உதவிச் சங்கமானது. முதல் சில மாதங்களில் ஆர்வத்துக்குக் குறைவில்லை, அறிவுக்குத்தான் குறைவு. பழைய லினன் துணியைக் கத்தியால் சுரண்டி, காயத்தில் வைக்கப் பஞ்சுபோல் நூல்திரள் எடுத்துக் குவித்தார்கள். தொப்பிக்கு மேல் போட்டுப் பிடரிவரை தொங்கவிடும் வெள்ளை உறையை ஆயிரக்கணக்கில் தைத்தார்கள். 1857இல் லக்னோவில் சிப்பாய்களோடு பொருத பிரிட்டிஷ் தளபதி ஹேவ்லாக்கின் பெயரால் வழங்கிய அந்த உறை, நம் ஊர் வெயிலை மனத்தில் வைத்துச் செய்தது. விர்ஜீனியாவில் வீரர்கள் அதைக் காபி வடிகட்டவும் துப்பாக்கி துடைக்கவும் பயன்படுத்தினார்கள்.

1861 ஜூனில் அரசாங்க ஒப்புதலோடு வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்க அமெரிக்க சானிட்டரி கமிஷன் என்ற தனியார் அமைப்பு உருவான பிறகு இந்த ஆர்வத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது. பாதிரியார் ஹென்றி பெல்லோஸ் தலைவர். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் செயலர். என்ன அனுப்ப வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர்கள் ஊர்ச் சங்கங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். கம்பளிக் காலுறை, ஃபிளானல் சட்டை, உள்ளாடை, படுக்கை விரிப்பு, மருத்துவமனைக் கட்டிலின் அளவுக்குத் தைத்த ஒடுக்கமான குயில்ட் போர்வை, துப்பாக்கியின் விசையை இழுக்க வசதியாக ஆள்காட்டி விரலைத் தனியே பிரித்துப் பின்னிய கையுறை, காயவைத்த ஆப்பிள், ஊறுகாய், வயிற்றுப்போக்குக்கு பிளாக்பெர்ரிச் சாறு. மரப்பெட்டியில் அடைக்க வேண்டும். துணியையும் உணவையும் கலக்கக் கூடாது. பொருட்பட்டியல் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, இன்னொன்றைத் தபாலில் அனுப்ப வேண்டும். வெர்மான்ட் ஊர்களின் பெட்டிகள் ரயிலில் பாஸ்டனிலிருந்த பெண்கள் துணைச் சங்கத்துக்குப் போயின. அங்கே அபி மே என்பவரின் தலைமையில் பெட்டிகளைப் பிரித்து, ரகம் பார்த்து, ஒவ்வொரு துணியிலும் கமிஷனின் முத்திரையைக் குத்தி, மறுபடி அடைத்து வாஷிங்டன் பக்கம் அனுப்பினார்கள்.

அந்த முத்திரையில்தான் நான் முதலில் சொன்ன வேறுபாடு வெடித்தது. காலுறை பின்னிய பெண்ணுக்கு அது தன் மகனின் காலுக்கு, இல்லையென்றால் தன் ஊர்க் கம்பெனியில் யாரோ ஒருவனின் காலுக்குப் போக வேண்டும். கமிஷனுக்கோ அது எந்த மாநிலத்துக்காரன் என்று பார்க்காமல், எங்கே மிக அவசரமோ அங்கே போக வேண்டும். கமிஷனின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஊர்க்காரர் ஒருவர் பெட்டியோடு பாசறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ரெஜிமென்ட் 100 மைல் நகர்ந்திருக்கும். மருத்துவமனையில் கிடக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்கு மட்டும் ஊர்ப் பெட்டியிலிருந்து ஜாம் கிடைப்பதும் சரியல்ல. ஆனால் பெண்களின் சந்தேகத்திலும் காரணம் இல்லாமலில்லை. அதிகாரிகளும் மருத்துவர்களும் அந்த ஜாமைத் தின்கிறார்கள், காலுறையை வீரர்களுக்கு விற்கிறார்கள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. முத்திரை குத்தியதே விற்பனையைத் தடுக்கத்தான். அந்த வதந்திகளில் எத்தனை மெய் என்று யாராலும் கணக்கிட முடியாது. திருட்டு நடந்தது உண்மை, ஊர்கள் நம்பிய அளவுக்கு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அயோவாவில் இந்தச் சண்டை அரசியலாகவே ஆனது. கியோகக் ஊரின் ஆனி விட்டன்மயர் பெண்கள் சங்கங்களின் வலைப்பின்னலை முதலிலேயே கட்டியிருந்தார். ஆளுநர் கிர்க்வுட் 1861 அக்டோபரில் ஆண்களைக் கொண்ட தனிக் குழு ஒன்றை அமைத்து அந்த வலைப்பின்னலின் தலையில் வைத்தார். பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1862இல் மாநிலமே விட்டன்மயரைச் சம்பளத்தோடு அதிகாரபூர்வ முகவராக நியமிக்க வேண்டியதாயிற்று. பின்னியவர்கள் பணிந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை, கணக்குக் கேட்டார்கள் என்பதைக் காலுறைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

1863க்குள் பல கிராமச் சங்கங்களின் பெட்டிகள் குறைந்ததற்குத் தேசப்பற்று வற்றியதே காரணம் என்று அக்கால ஆண்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பருத்தி விலை பெரிய காரணமாகப் படுகிறது. போருக்கு முன் பவுண்டுக்கு 10 சென்ட் அளவில் இருந்த பஞ்சு, 1864இல் ஒரு டாலரைத் தாண்டியது. வீட்டிலிருந்த பழைய விரிப்புகளெல்லாம் முதல் வருடமே போய்விட்டன. புதுத் துணி வாங்கித் தைக்கப் பணமில்லை. இதே விலையேற்றம்தான் அந்த ஆண்டுகளில் திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பருத்திக்காரர்களுக்கு நல்ல காலமாக அமைந்தது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்கக் கூடும். துணி தீர்ந்த இடத்தில் நிலம் கைகொடுத்தது. 1863 தொடக்கத்தில் தெற்கிலுள்ள விக்ஸ்பர்க் பக்கம் கிடந்த வடக்குத் தளபதி கிரான்ட்டின் படையில், காய்கறி பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் தலைகாட்டியதும், உருளைக்கிழங்கும் வெங்காயமும் கேட்டு கமிஷனின் சிகாகோ கிளை வடமேற்குக் கிராமங்களுக்கு ஆளனுப்பியது. வீட்டுக்கு வீடு கூடை வசூலாக, அந்த ஆண்டு ஜூலைக்குள் 18,000 புஷலுக்கு (புஷல் என்பது ஒரு முகத்தலளவை) மேல் காய்கறி அனுப்பியதாக அந்தக் கிளையின் கணக்கு சொல்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று கமிஷனுக்குப் பணம் திரட்ட சிகாகோவில் சானிட்டரி சந்தை திறந்தபோது, பக்கத்து லேக் கவுண்டி விவசாயிகள் மூட்டைகளை ஏற்றிய வண்டிகளை ஊர்வலமாக நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்து லிங்கன் தம் கையால் எழுதிய பிரகடனத்தை அந்தச் சந்தைக்குத் தந்தார். அது 3,000 டாலருக்குப் போனது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. எனக்கு அந்த உருளைக்கிழங்கு வண்டிகள்தான் முக்கியம்.

சங்கத்தின் வழியாகப் போகாமல் குடும்பம் தன் மகனுக்கு நேராக அனுப்பிய பெட்டிகள் தனிக் கதை. ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றைக் கொண்டுபோயின. மேப்பிள் சர்க்கரையும் பாலாடைக்கட்டியும் தாங்கின; வேகவைத்த கோழியும் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் மூன்று வாரம் வழியில் கிடந்து கெட்டுப்போயின. பெட்டிக்குள் சாராயம் இருக்கிறதா என்று சோதிக்கும்போது அரைப்பெட்டி காணாமற்போவதும் உண்டு. கடிதத்துக்கு 3 சென்ட் தபால்தலை. தபால்தலை வாங்கப் பணமோ வழியோ இல்லாத வீரன் முன்பணமின்றி அனுப்பலாம், வீட்டார் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம் என்று 1861 ஜூலையில் சட்டம் வந்தது. ஒருவன் எழுதிய கடிதம் அவன் வீட்டோடு நிற்கவில்லை. அதைத் தபால் அலுவலகத்தில் உரக்க வாசித்தார்கள், உள்ளூர்ச் செய்தித்தாளில் அச்சிட்டார்கள். இதனால் பாசறையில் யார் குடித்தான், யார் பயந்து பின்வாங்கினான் என்பதும் வாரத்துக்குள் ஊருக்குத் தெரிந்தது. ஊரின் ஆதரவில் ஊரின் கண்காணிப்பும் சேர்ந்தே இருந்தது.

காயமுற்றவர்களுக்கு வெர்மான்ட் செய்த ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். போரில் இறந்த வடக்கு வீரர்கள் சுமார் 3,60,000 பேரில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குண்டால் அல்ல, நோயால் இறந்தவர்கள். தொலைதூர மருத்துவமனைகளில் கிடப்பவர்களைச் சொந்த மலைக்காற்றுக்குக் கொண்டுவந்தால் பிழைப்பார்கள் என்று ஆளுநர் ஃபிரெடெரிக் ஹோல்புரூக் லிங்கனிடம் வாதாடினார். இராணுவ மருத்துவத் துறைக்கு இதில் விருப்பமில்லை. ஊருக்கு அருகே விட்டால் ஆள் திரும்ப வரமாட்டான் என்ற அச்சம். கடைசியில் அனுமதி கிடைத்து, பிராட்டில்போரோ, பர்லிங்டன், மான்ட்பீலியர் ஆகிய மூன்று இடங்களில் மருத்துவமனைகள் நடந்தன. பிராட்டில்போரோவில் படை திரட்டுவதற்காகக் கட்டிய மரக்கொட்டகைகளே வார்டுகளாயின. அங்கே குணமடைந்தோர் விகிதம் மிக உயர்வு என்று மாநிலம் பெருமைப்பட்டது. பயணத்தைத் தாங்கக் கூடியவர்களைத்தானே அவ்வளவு தூரம் கொண்டுவந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த விகிதத்தைப் படிக்க வேண்டும். வீட்டார் பார்க்க வந்ததும், சுற்றுவட்டப் பண்ணைகளிலிருந்து பாலும் முட்டையும் வந்ததும் மறுக்க முடியாதவை.

1863 மார்ச் 3 அன்று கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. ஊர்ப் பதிவேடுகளைப் படிப்பவருக்கு அந்தத் தேதியிலிருந்து ஆதரவு என்பதே வேறு பொருளைப் பெற்றுவிடுவது தெரியும். ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர் என்று கோட்டா. தன்விருப்பாகச் சேர்ந்தவர்கள் போதவில்லையென்றால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்தவர் 300 டாலர் கட்டி அந்த முறை தப்பலாம், அல்லது மாற்றாள் ஒருவரைப் பணம் கொடுத்து அனுப்பலாம். 300 டாலர் ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஓராண்டு வருமானம். ஊர்களின் பதில் எளிமையானது: குலுக்கல் தன் எல்லைக்குள் நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஊர்க்கூட்டத்தைக் கூட்டி, சொத்துவரி மதிப்பில் டாலருக்கு இத்தனை சென்ட் என்று வரி விதித்து, அல்லது ஊரின் பெயரில் கடன் வாங்கி, சேர முன்வருகிற எவருக்கும் பவுண்டி என்ற சேர்க்கைத் தொகை கொடுத்தார்கள். 1862இல் 50, 100 டாலரில் தொடங்கியது, 1864இல் பல இடங்களில் 300, 500 என்று ஏறியது. மத்திய அரசு தந்த தொகை இதற்கு மேல். பக்கத்து ஊர் 50 டாலர் கூட்டினால் நம் ஊர்ப் பையன் அங்கே போய்ப் பெயர் கொடுத்து, அந்த ஊர்க் கணக்கில் எண்ணப்பட்டுவிடுவான். எனவே இந்த ஊரும் ஏற்ற வேண்டும். நாடு முழுதும் நடந்த நான்கு குலுக்கல்களில் 7,76,000க்கு மேற்பட்ட பெயர்கள் எடுக்கப்பட்டன. அவர்களில் தாங்களே படைக்குப் போனவர்கள் சுமார் 46,000 பேர்தான். 86,000க்கு மேற்பட்டோர் 300 டாலர் கட்டினார்கள். எஞ்சியவர்களில் பெரும்பகுதி உடற்குறையாலோ குடும்பச் சூழலாலோ விலக்குப் பெற்றவர்கள், வராமலே போனவர்கள், மாற்றாளை அனுப்பியவர்கள்.

1861இல் ஊர் பணம் திரட்டியது போகிறவனின் குடும்பத்துக்காக. 1864இல் திரட்டியது, பெரும்பாலும், இன்னும் போகாதவனை வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்காக. அந்தப் பணத்தை வாங்கியவர்களில் மறுபடி கையெழுத்திட்ட பழைய வீரர்கள் உண்டு. வறுமையால் சேர்ந்த உள்ளூர் இளைஞர்கள் உண்டு. கனடாவிலிருந்தும் நகரங்களிலிருந்தும் தரகர்கள் கொண்டுவந்த, ஊர் முகமே பார்த்திராத ஆட்களும் உண்டு. அவர்களில் சிலர் பணத்தோடு ஓடிப்போய் வேறு ஊரில் வேறு பெயரில் மறுபடி சேர்ந்தார்கள். ஊர்ப்பற்றும் தேசப்பற்றும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனாலும் இதைக் கோழைத்தனம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஏற்கெனவே முப்பது நாற்பது பேரை அனுப்பிவிட்ட ஊரில், மிஞ்சியிருக்கும் குடும்பத்தலைவர்கள் போய்விட்டால் அந்த முப்பது பேரின் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை என்பது நடைமுறை உண்மை. வெர்மான்ட் இந்தப் போருக்குச் செலவிட்ட சுமார் 90 லட்சம் டாலரில் 50 லட்சத்துக்கு மேல், திரும்பக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பின்றி ஊர்களே கொடுத்தது. சானிட்டரி கமிஷனுக்கு நாடு முழுதும் வந்த பொருட்களின் மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர் என்று சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கமிஷன் தொகை காலுறைக்கும் ஜாமுக்கும் அவர்களே போட்ட உத்தேச விலை. ஊர்களின் தொகையோ வரி ரசீதும் கடன் பத்திரமும் உள்ள கணக்கு. நான் இரண்டாவதைத்தான் அதிகம் நம்புவேன்.

ஊர் என்று சொல்லும்போது அதற்குள் எல்லாரும் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. போரை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பல ஊர்க்கூட்டங்களில் இருந்தார்கள்; பவுண்டி வரிக்கு எதிராக விழுந்த வாக்குகள் பதிவில் உள்ளன. ரட்லாண்டு பக்கத்துச் சலவைக்கல் குவாரிகளில் வேலைசெய்த ஐரிஷ்காரர்கள், 1863 ஜூனில் கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பெயரெழுத வந்த அதிகாரிகளைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். வெர்மான்ட்டின் சிறு எண்ணிக்கையிலான கறுப்பின ஆண்கள் பலர் கறுப்பின வீரர்களைக் கொண்ட 54வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு 13 டாலருக்குப் பதில் 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலரைக் கழித்துக்கொண்டு 7 டாலரைத்தான் மத்திய அரசு நீட்டியது. அதை வாங்க அவர்கள் மறுத்தார்கள். வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் முன்வந்தபோதும் மறுத்தார்கள். 1864 ஜூனில் காங்கிரஸ் சம்பளத்தைச் சமன்செய்த பிறகும் பாக்கி கைக்கு வரச் சில மாதங்கள் ஆயின. ஏறத்தாழ ஒன்றரை வருடம் அந்தக் குடும்பங்கள் சம்பளமின்றி வாழ்ந்தன. வெள்ளை வீரனின் மனைவிக்குக் கிடைத்த அதே கவனிப்பு ஊர் நிர்வாகத்திடமிருந்து அவர்களுக்கும் கிடைத்தது என்று காட்டும் பதிவு என் வாசிப்பில் அரிது.

போர் முடிந்ததோடு ஊரின் வேலை முடியவில்லை. பவுண்டிக்காக வாங்கிய கடனை ஊர்கள் போருக்குப் பிறகும் வரிபோட்டு அடைத்துக்கொண்டிருந்தன. 1862 ஜூலை 14 சட்டப்படி, இறந்த சாதாரண வீரனின் விதவைக்கு மாதம் 8 டாலர் மத்திய அரசின் உதவித்தொகை; விதவையோ சிறு குழந்தைகளோ இல்லையென்றால், அவனை நம்பி வாழ்ந்த தாய்க்கு. ஆனால் நம்பி வாழ்ந்தேன் என்று தாய் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி சொன்னவர்கள் ஊரார்தான். அவளுடைய மாவுக்கும் தேயிலைக்கும் மகன்தான் பணம் கட்டினான் என்று கடைக்காரர், கணவன் உடல்நலமில்லாதவர் என்று மருத்துவர், அவளிடம் ஒரு பசுவும் இரண்டு ஏக்கரும் தவிர வேறொன்றுமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். மகன் பணத்தோடு அனுப்பிய கடிதங்களையும் அவள் சான்றாக இணைத்தாள். வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கோப்புகள் இன்றும் இருக்கின்றன. கடிதங்களும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. குறிப்பிட்ட ஓர் ஊரைப் பற்றித் தேட நினைத்தால், அந்த ஊரின் 1861 முதல் 1865 வரையிலான கூட்டப் பதிவேட்டை முதலில் பாருங்கள். அதில் வரும் பெயர்களைக் கொண்டு இந்தத் தாய்மார்களின் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். வீரர் உதவிச் சங்கத்தின் குறிப்பேடு கிடைத்தால் நல்லது, ஆனால் பெரும்பாலான ஊர்களில் அது தப்பிப் பிழைக்கவில்லை.